ஃப்ரிட்ஜில் கேஸ் ஒழுகினால்: கை வைப்பதற்கு முன் ஸ்டிக்கரைப் பாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, ஃப்ரிட்ஜுல கேஸ் தீந்துருச்சு, வந்து போட்டு விட்டுட்டுப் போங்க." திருச்சி உறையூர்ப் பக்கம் ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ்தான் என் பிழைப்பு. ஐடிஐ-யில் இந்த டிரேடை முடித்துவிட்டு, ஆர்-12 ஃப்ரிட்ஜ்கள் வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவன். போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கேஸ் தீராது என்பதைத்தான். அடுப்பு சிலிண்டர் மாதிரி எரிந்து காலியாகிற சமாச்சாரம் இல்லை அது. கம்ப்ரசர், கண்டென்சர் (பின்னால் இருக்கும் கறுப்பு வலை, அல்லது பக்கச் சுவருக்குள் பதித்த குழாய்), கேபிலரி என்ற மெல்லிய குழாய், ஃப்ரீசர், மறுபடி கம்ப்ரசர் என்று மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் ஓடினாலும் கம்பெனியில் ஏற்றிய அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் வருஷா வருஷம் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் காசு காற்றில்தான் போகிறது.

அடுத்து நான் கேட்பது, "ஸ்டிக்கர்ல என்ன கேஸ்னு போட்டிருக்கு?" பெரும்பாலும் எதிர்முனையில் பதில் வராது. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இந்த ஸ்டிக்கரை மட்டும் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒரு தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். இல்லையென்றால் கதவைத் திறந்து உள்சுவரில், காய்கறி டிரேக்குப் பக்கத்தில் பாருங்கள். மாடல் எண், வோல்ட், லிட்டர் எல்லாம் போட்டிருக்கும் அந்தப் பட்டியலில் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். அதன் பக்கத்தில் கிராம் கணக்கும் இருக்கும். கீழே கம்ப்ரசர் மேலேயும் தனியாக ஒரு ஸ்டிக்கர் உண்டு.

ஆர்-12 என்று இருந்தால் உங்களிடம் இருப்பது நிஜமாகவே பழைய ஃப்ரிட்ஜ். 2000-களின் தொடக்கம் வரை வந்தவை. அந்தக் காலத்து கெல்வினேட்டர், ஆல்வின் 165 லிட்டர் பெட்டிகளெல்லாம் இந்த ரகம். இந்த கேஸ் எரியாது, குறைந்த அளவில் மூச்சில் போனால் விஷமும் இல்லை. ஆனால் ஓசோன் படலத்தை அரிப்பது இதுதான். ஆர்-134ஏ என்று இருந்தால் அதற்கு அடுத்த தலைமுறை. எரியாது, ஓசோனையும் தொடாது. பூமியைச் சூடேற்றும் விஷயத்தில் மட்டும் கெட்டது. ஆர்-600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது ஐசோபியூட்டேன். சமையல் கேஸின் நெருங்கிய உறவு, எரியும். கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் ஒட்டியிருப்பார்கள். பத்து வருஷத்துக்குள் வாங்கிய ஃப்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சரி, புதியதுதானே, பயமில்லை என்று நினைக்க வேண்டாம். புதிது என்று வாங்கியதே இப்போது எட்டு, பத்து வயதாகித் துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டிக்கர் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். ஆர்-134ஏ ஃப்ரிட்ஜுக்கு யாரோ ஒரு மெக்கானிக் வீட்டு சிலிண்டரிலிருந்தோ, எச்.சி. கேஸ் என்று கடையில் விற்கும், எரியக்கூடிய கேஸ் டப்பாவிலிருந்தோ ஏற்றிவிட்டுப் போயிருப்பார். விலை குறைவு, கூலிங்கும் நன்றாகவே வரும், அதனால் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் ஆர்-600ஏ-க்கென்று கட்டிய ஃப்ரிட்ஜில், உள்ளே கேஸ் கசிந்தாலும் பொறி படாத மாதிரி தெர்மோஸ்டாட்டையும் பல்பு சுவிட்சையும் அமைத்திருப்பார்கள். பழைய பெட்டியில் அந்த ஏற்பாடு கிடையாது. தெர்மோஸ்டாட் ஒவ்வொரு முறை டிக் என்று அடிக்கும்போதும் உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும். உங்கள் ஃப்ரிட்ஜை ஏற்கெனவே யாராவது திறந்து கேஸ் ஏற்றியிருந்தால், என்ன ஏற்றினார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால், எரிகிற கேஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தாலும் அப்படித்தான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று புரியும். வீட்டு ஃப்ரிட்ஜில் ஐசோபியூட்டேன் 50 கிராம் அளவில்தான் இருக்கும். காற்றில் 1.8 சதவீதம் கலந்தால்தான் அது தீப்பிடிக்கும், 8.4 சதவீதத்துக்கு மேல் போனால் மறுபடி பிடிக்காது. அந்த 50 கிராமும் வெளியே வந்தால் ஏறக்குறைய 21 லிட்டர் கேஸ். பத்துக்கு எட்டு அடி அடுப்படி முழுக்க அது ஒரே சீராகப் பரவினால் 0.1 சதவீதம்கூட வராது, தீக்குச்சி கிழித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே 21 லிட்டர், கதவு சாத்திய 200 லிட்டர் பெட்டிக்குள் தேங்கினால்? பத்து சதவீதத்தைத் தொடும். ஏறிக்கொண்டு போகும்போது தீப்பிடிக்கிற அளவைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைத் திறந்தால் மறுபடி அதே அளவு வழியாகத்தான் இறங்க வேண்டும். பிறகு அது காற்றைவிட இரண்டு மடங்கு கனம். மேலே இருக்கும் வெண்டிலேட்டர் வழியாகப் போகாது. தரையோடு படர்ந்து ஃப்ரிட்ஜுக்கு அடியிலும், அடுப்படியில் பள்ளமாக இருக்கும் மூலையிலும், சம்ப் மூடி இடுக்கிலும் போய்த் தங்கும். ஆக, ஆபத்து இருப்பது பெட்டிக்குள்ளும் தரையோரத்திலும்தான்.

இன்னொன்று, சமையல் கேஸில் கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். ஃப்ரிட்ஜ் கேஸில் அது இல்லை. ஆர்-600ஏ, ஆர்-134ஏ எதற்கும் மூக்கில் ஏறுகிற வாசனை கிடையாது. "வாசனையே வரலியே" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம்.

கசிவுதானா என்று பார்ப்பது

கூலிங் இல்லை என்றாலே கேஸ் போய்விட்டது என்று முடிவுகட்டும் பழக்கம் நம் ஊரில் நிறைய. மெக்கானிக்குகளுக்கும் உண்டு. கம்ப்ரசரே ஓடவில்லை என்றால் ரிலே, ஓவர்லோடு, தெர்மோஸ்டாட், ஸ்டெபிலைசர் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கதவு ரப்பர் பிடிக்காமல் இருந்தாலும் கூலிங் குறையும். ஃப்ரீசரில் ஐஸ் மலையாகக் கட்டியிருந்தாலும் கீழே குளிர் இறங்காது. இதற்கெல்லாம் கேஸ் ஏற்ற வேண்டியதில்லை.

கேஸ் குறைந்ததன் அடையாளம் வேறு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டால் கை வைக்க முடியாத சூடு. ஆனால் ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரோ பின்னால் இருக்கும் கறுப்பு வலையோ, வழக்கமாக வெதுவெதுப்பாக இருக்குமே, அது சில்லென்று இருக்கும். ஃப்ரீசரில் ஐஸ் ஒரு மூலையில் மட்டும், கேபிலரி வந்து நுழைகிற இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பிடித்திருக்கும், மிச்ச இடம் வெறும் ஈரம். பால் காலையில் வாங்கி வைத்தது சாயங்காலம் திரிந்திருக்கும். கம்ப்ரசர் நின்றதும் கேட்கும் களகள சத்தம் கசிவு இல்லை, அது உள்ளே கேஸ் சமனாகிற சத்தம். அதற்காகப் பயந்து என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

எண்ணெய்க் கறையைத் தேடுங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சுற்றிவரும். ஓட்டை இருக்கும் இடத்தில் கேஸ் பறந்துவிடும், எண்ணெய் தங்கிவிடும், அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் பின்பக்கக் குழாய் இணைப்புகளில், கண்டென்சரின் அடி வளைவில், கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டை ஒட்டிய குழாயில் தெரியும். முன்னாடி கேஸ் ஏற்றியவர், கேஸ் ஏற்றுவதற்கான ஊசி வால்வு (பின் வால்வு என்போம்) வைத்துவிட்டுப் போயிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நான் பார்த்தவரை அதன் மூடி இருக்காது, அல்லது உள்ளே ரப்பர் காய்ந்திருக்கும். வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் பக்கம் போய் வேலை பார்க்கும்போது கண்டென்சர் துருதான் அதிகம். உப்புக்காற்று.

சோப்புத் தண்ணீர் சோதனையை நீங்களே செய்யலாம். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி, ஸ்பாஞ்சால் இணைப்புகளில் தடவிவிட்டு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். முட்டை முட்டையாக நுரை வளர்ந்தால் அங்கேதான். ஃப்ரிட்ஜை நிறுத்தி அரை மணி நேரமாவது கழித்துச் செய்யுங்கள். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஃப்ரீசர் பக்கக் குழாயில் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தப் பக்கம் ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தி, அழுத்தம் சமனான பிறகுதான் குமிழி வரும். ஓடுகிற ஃப்ரிட்ஜில் தடவிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிடுவது இதனால்தான். கம்ப்ரசரின் ஒயர் பெட்டிமேல் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தி குத்திவிட்டால்

வீடுகளில் நடக்கும் திடீர்க் கசிவுகளுக்குக் காரணம் பெரும்பாலும் கத்திதான். ஃப்ரீசரில் மீன் பொட்டலம் ஐஸோடு ஒட்டிக்கொள்ளும். பொறுமை போய்க் கத்தியையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு நெம்புவார்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் என்பது இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி நடுவே வழி விட்டுச் செய்தது. கேஸ் ஓடும் அந்த வழி உங்கள் கத்தி முனைக்கு ஒரு மில்லிமீட்டர் தூரத்தில்கூட இல்லை. குத்தியதும் ஸ்ஸ்ஸ் என்று சத்தம், வெள்ளையாகப் புகை மாதிரி, கூடவே எண்ணெய்த் துளிகள்.

அந்த நேரத்தில் கை தன்னால் போவது இரண்டு இடத்துக்கு. ஒன்று, ஓட்டையை விரலால் அடைப்பது. வேண்டாம். வெளியே வருகிற கேஸ் பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிரில் வரும், தோல் வெந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு, பக்கத்தில் இருக்கும் பிளக்கைப் பிடுங்குவது. ஆர்-134ஏ, ஆர்-12 என்றால் தாராளமாகப் பிடுங்குங்கள். ஆர்-600ஏ என்றாலோ, என்ன கேஸ் என்று தெரியாவிட்டாலோ அந்த சுவிட்சையும் பிளக்கையும் தொடாதீர்கள், அதிலும் பொறி வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் வாருங்கள்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் திருகி அணையுங்கள், திருகுவதில் பொறி வராது. கையெட்டும் தூரத்தில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி இருந்தால் அணையுங்கள். எட்டாத இடத்தில் இருந்தால் அதற்காக மெனக்கெடாமல் வெளியே வாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தால் திறந்தபடியே இருக்கட்டும். மூடியிருக்கும்போது உள்ளே சத்தம் கேட்டால், மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன் திறக்கக் கூடாது. திறந்ததும் பல்பு எரியும், அதன் சுவிட்ச் கதவோரத்திலேயே இருக்கிறது. ஹாலிலோ வெளி வராந்தாவிலோ இருக்கும் போர்டில் போய் அடுப்படிக்கான எம்.சி.பி. (ட்ரிப் சுவிட்ச்) இறக்குங்கள். போர்டு அடுப்படிக்குள்ளேயே இருக்கிறது என்றால் அதையும் விட்டுவிட்டு வெளியே வந்து, மீட்டர் பெட்டியில் மெயினை நிறுத்துங்கள். இன்வர்ட்டர் இருக்கிற வீட்டில் மெயினை நிறுத்தினாலும் லைட், ஃபேன் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். இன்வர்ட்டரையும் நிறுத்த வேண்டும்.

பின்வாசல், முன்வாசல் இரண்டையும் திறந்து போடுங்கள். கேஸ் தரையோடு போவதால் கதவு திறப்பதுதான் முக்கியம், ஜன்னல் அடுத்தபடி. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற ஃபேனை நிறுத்தவும் போகாதீர்கள். கரண்ட் நின்ற பிறகு ஃப்ரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் அடுப்படிப் பக்கம் யாரும் போக வேண்டாம். காற்றோட்டமே இல்லாத உள் அறை என்றால் இன்னும் கொஞ்ச நேரம். பிள்ளைகளையும் வீட்டு நாயையும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், தரை மட்டத்தில் மூச்சுவிடுகிறவர்கள் அவர்கள்தான். சம்ப் மூடி, சாக்கடைத் தொட்டி பக்கத்தில் இருந்தால் அங்கே யாரும் பீடி பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீ பிடித்துவிட்டது என்றால் தண்ணீர் ஊற்றி வீரம் காட்ட வேண்டாம், வெளியே வந்து 101-க்கு போன்.

ஆர்-12, ஆர்-134ஏ என்றால் தீ பயம் இல்லை, அதனால் இவ்வளவு பரபரப்புத் தேவையில்லை. அடுப்பை மட்டும் அணைத்தே ஆக வேண்டும். எரியாத கேஸ்தானே என்று அலட்சியமாக விட்டால், அது நெருப்பின் வழியாகப் போகும்போது உடைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற விஷப்புகை ஆகும். குளோரின் உள்ள ஆர்-12, பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் புகையும், கொஞ்சம் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவும் சேரும். பழைய மெக்கானிக்குகள் இதை வைத்தே கசிவு கண்டுபிடிப்பார்கள். ஹாலைடு டார்ச் என்று ஒரு சின்ன விளக்கு. செப்புத் தகட்டைச் சுடவைத்து எரியும் அதன் சுடரில் ஆர்-12 துளி பட்டால் நீலம் மாறிப் பச்சையாகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பச்சைக்குப் பின்னால் வரும் புகை தொண்டையை அறுக்கும். ஆர்-134ஏ-க்கு அந்த விளக்கு வேலை செய்யாது, அதில் குளோரின் இல்லை.

உடம்பில் பட்டிருந்தால்: குளிரில் வெந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீரும் கூடாது. கை பொறுக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். கண்ணில் தெறித்திருந்தால் பதினைந்து இருபது நிமிஷம் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு நேரே கண் டாக்டர். தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு என்றால் காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன கேஸ் என்று டாக்டரிடம் சொல்வது அவசியம். இந்த கேஸ்களில் சில இதயத் துடிப்பைக் குலைக்கும், அதற்கேற்ப மருந்து கொடுப்பார்கள்.

உள்ளே இருந்த சாப்பாடு? மூடி வைத்த பாத்திரம், பாக்கெட் எல்லாம் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். திறந்து வைத்த மாவு, சட்னி, நறுக்கிய காய் மேல் எண்ணெய் தெறித்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

குத்தின ஓட்டைமேல் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் கேஸ் முழுக்கப் போயிருக்கும், ஈரக்காற்று உள்ளே போயிருக்கும். அப்படி ஓட விட்டால் நன்றாக இருந்த கம்ப்ரசரும் கெடும். ஆன் செய்யாமல் விட்டுவையுங்கள். இனிமேல் ஐஸ் கரைக்க, ராத்திரி டிஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கிவிட்டுப் படுங்கள். அவசரம் என்றால் ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு, சூடான தண்ணீர்க் கிண்ணம் ஒன்றை ஃப்ரீசருக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பொட்டலம் தானாக விடும்.

மெக்கானிக் வந்தால் எதைக் கவனிப்பது

என் தொழில்காரர்களைக் குறை சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சில வேலைகளை வீட்டுக்குள் அனுமதிக்கவே கூடாது.

ஆக்சிஜன் சிலிண்டரை வைத்து பிரஷர் ஏற்றிக் கசிவு பார்ப்பது அதில் முதல். வெல்டிங்குக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் கையில் இருக்கிறது, நைட்ரஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுக்கச் சோம்பல், அவ்வளவுதான் காரணம். அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். பிரஷர் சோதனைக்கு உலர்ந்த நைட்ரஜன் மட்டும்தான். வேறு எதையாவது மாட்டப் போனால் நிறுத்துங்கள், வேலையே நடக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் கேஸ் இருக்கும்போதே டார்ச் பற்ற வைத்துக் குழாயை அறுக்கவோ ஒட்டவோ கூடாது. கேஸை ஹோஸ் வழியாக வெட்டவெளிக்கு விட்டு, நைட்ரஜன் விட்டுக் கழுவி, அப்புறம்தான் நெருப்பு. முடிந்தால் ஃப்ரிட்ஜையே வாசலுக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோய் வேலை பார்ப்பது உத்தமம். ஆர்-12, ஆர்-134ஏ என்றால் வெளியே விடுவது தவறு. ரெகவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பூமியைச் சூடாக்குவதில் ஆர்-12 ஒரு கிராம், நூறு வருஷக் கணக்கில் 10,900 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய 165 லிட்டரில் 150 கிராம் இருந்தால், அதைப் புஸ் என்று விடுவது ஒன்றரை டன்னுக்கு மேல் கரியமில வாயுவை விடுவது மாதிரி. ஆர்-134ஏ-வுக்கு இந்த எண் 1,430. ஐசோபியூட்டேனுக்கு வெறும் 3 பக்கம்தான், அதனால்தான் அதை வெட்டவெளியில் விடலாம் என்கிறேன்.

ஓட்டை அடைத்த பிறகு, குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றுகிறாரா என்று பாருங்கள். குழாயைத் திறந்தாலே அது மாற்ற வேண்டிய சாமான். வேக்கம் போட, அதாவது குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க, வேக்கம் பம்ப் கொண்டுவந்திருக்கிறாரா, அல்லது பழைய கம்ப்ரசர் ஒன்றையே பம்பாக மாட்டுகிறாரா? அரை மணி நேரமாவது வேக்கம் ஓட வேண்டும். கடைசியாக, எடை மெஷின். 50 கிராம் ஏற்ற வேண்டிய ஃப்ரிட்ஜில் பத்து கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங் கெடும். கையால் தொட்டுப் பார்த்து, காதால் கேட்டு கேஸ் ஏற்றுகிற காலம் ஆர்-12 காலத்தோடு போய்விட்டது. எலக்ட்ரானிக் தராசு இல்லாமல் வந்தவர் ஆர்-600ஏ வேலைக்கு ஆகாது.

ரிப்பேரா, தூக்கிப் போடுவதா

ஆர்-12 ஃப்ரிட்ஜ் ஒழுகினால், என் வருமானத்துக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். ஓசோனைக் காப்பதற்கான மாண்ட்ரீல் ஒப்பந்தப்படி 2010 முதல் நம் நாட்டில் ஃப்ரிட்ஜ் வேலைக்கு அந்த கேஸ் தயாரிப்பதே கிடையாது. ஆர்-12 என்று யாராவது சிலிண்டர் காட்டினால் உள்ளே என்ன கலவை என்று அவருக்கே தெரியாது. வேறு கேஸுக்கு மாற்றுவதென்றால் கேபிலரி, டிரையர், சில சமயம் கம்ப்ரசர், எண்ணெய் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். "அம்மா சீதனமா கொண்டுவந்தது தம்பி, எப்படியாவது ஓட வையுங்க" என்று கேட்கும்போது மனசு இளகும்தான். ஆனால் அவ்வளவு செலவு செய்தும், அது குடிக்கும் கரண்ட் மட்டும் குறையாது.

ஆர்-134ஏ என்றால் ஓட்டை எங்கே என்பதைப் பொறுத்தது. பின்பக்கக் குழாயில், ஊசி வால்வில் என்றால் சரி செய்யலாம். பக்கச் சுவருக்குள் பதித்த கண்டென்சரில், கதவுச் சட்டத்தைச் சுற்றி ஓடும் சூட்டுக் குழாயில் துரு என்றால், உள்ளே ஃபோமுக்குள் போய் யாராலும் ஒட்ட முடியாது. வெளியே புதுக் கண்டென்சர் மாட்டி ஒப்பேற்றலாம். பெட்டி மற்றபடி நன்றாக இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

தூக்கிப் போடுவதுதான் என்று முடிவானால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு நிமிஷம். அவருக்கு வேண்டியது கம்ப்ரசரும் செம்புக் குழாயும். வந்ததும் கட்டிங் பிளேயரால் குழாயை நறுக்குவார், உள்ளே மிச்சம் இருக்கும் கேஸ் அவர் முகத்துக்கு நேரே வரும், எண்ணெய் உங்கள் வாசலில் கொட்டும். கம்ப்ரசர் எரிந்துபோன ஃப்ரிட்ஜ் என்றால் அந்த எண்ணெயில் ஆசிட் இருக்கும், வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். மண் அல்லது மரத்தூள் போட்டு உறிஞ்சி, கையுறையோடு அள்ளுங்கள், சாக்கடையில் கழுவிவிடாதீர்கள். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பழைய ஆர்-12 ஃப்ரிட்ஜின் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் ஃபோமை ஊத வைத்ததும் ஓசோனை அரிக்கும் ஆர்-11 கேஸ்தான். குழாயில் இருப்பதைவிட ஃபோமில் இருப்பது அதிகம். சுத்தியலால் உடைத்து, ஃபோமை எரித்துத் தகட்டைப் பிரிக்கும்போது அதெல்லாம் வெளியே போகும், புகையும் நச்சு.

அதனால் உடைக்காமல் முழுதாகக் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1-லிருந்து அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் ஃப்ரிட்ஜும் ஏசியும் அடக்கம். தயாரித்த கம்பெனிக்கே மறுசுழற்சிப் பொறுப்பு உண்டு. கஸ்டமர் கேருக்கு போன் செய்து பழையதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேளுங்கள். அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரிக்கலாம். ஆடித் தள்ளுபடியில் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிறவர்கள், கடைக்காரர் அதை எங்கே அனுப்புகிறார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிற ஆள் கூடினால் அவரும் ஒழுங்காக அனுப்புவார்.

வண்டி வரும் வரை வெளியே கிடக்கும் ஃப்ரிட்ஜின் கதவைக் கழற்றி வைத்துவிடுங்கள். மேலும் கீழும் இரண்டு கீல், நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை. ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே புகுந்து சாத்திக்கொண்டால் காற்று கிடையாது. கயிறு போட்டுக் கட்டுவது போதாது, கயிற்றை அவிழ்க்கத் தெரியாத பிள்ளை நம் தெருவில் இல்லை. ஏற்றும்போது நிமிர்த்தியே ஏற்றச் சொல்லுங்கள். படுக்கப்போட்டு இழுத்தால் பின்னால் இருக்கும் குழாய்தான் முதலில் ஒடியும்.

ஏசி பற்றிச் சுருக்கமாக

ஏசியில் கேஸ் கிராம் கணக்கில் இல்லை, ஒரு டன் ஏசிக்கே முக்கால் கிலோ, ஒரு கிலோ என்று போகும். படுக்கையறை சின்னது, கதவு ஜன்னல் சாத்தியிருக்கும். பழைய ஜன்னல் ஏசி, பழைய ஸ்பிளிட் எல்லாம் ஆர்-22. எரியாது, ஓசோனுக்கு ஆகாது, 2030-க்குள் நிறுத்தப்படும் வரிசையில் இருக்கிறது. புது ஏசிகளில் ஆர்-32, இது மெதுவாக எரியக்கூடியது, சிலவற்றில் புரோப்பேனே இருக்கிறது. தூங்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்டு எண்ணெய் வாடை வந்தால், லைட் சுவிட்சைத் தேடாமல் எழுந்து கதவைத் திறந்து வெளியே போங்கள், பிறகு வெளியிலிருந்து எம்.சி.பி.

வீடு மாறும்போதுதான் ஏசி கேஸ் அதிகம் வீணாகிறது. கழற்ற வந்தவர் நட்டைத் திருகி, முழு கேஸையும் பால்கனியில் விட்டுவிட்டு, புது வீட்டில் "கேஸ் போடணும் சார்" என்பார். பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். ஏசியை ஓட விட்டு, வெளி யூனிட்டின் சின்ன வால்வை மூடி, கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் போனதும் பெரிய வால்வையும் மூடி, உடனே நிறுத்துவது. பத்து நிமிஷம்கூட ஆகாது. குழாயில் ஏற்கெனவே ஓட்டை இருக்கிற ஏசியில் மட்டும் இதைச் செய்யக் கூடாது. காற்றை உள்ளே இழுத்து எண்ணெயோடு அழுத்தினால் கம்ப்ரசரே வெடிக்கலாம். அப்படிப்பட்டதற்கு ரெகவரி மெஷின்தான். வேலை முடிந்ததும் இரண்டு வால்வுக்கும் பித்தளை மூடியைப் போட்டு இறுக்கினாரா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.